சிவப்பு சைக்கிள் சீட்

பியேத்ராஃபோஸ்கா,
செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள மிர்கோ,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். நீயும் நலம் என்பது செர்பியாவிலிருந்து அம்மாவின் போனுக்கு நீ அனுப்பிய படத்திலேயே தெரிந்தது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஏதாவது தமாஷ் பண்ணி, கேட்க வந்ததை விட்டுவிடுவேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சதுக்கத்தில் நிற்கும் ராட்சதப் பித்தளைக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. 'குழாய்களின் ஊர்' என்ற பலகைக்கு மேலே யாரோ சுண்ணாம்புக் கட்டியால் 'ஒரு காலத்தில்' என்று எழுதியிருக்கிறார்கள். மேயரம்மா பதவிக்குரிய மூவர்ணப் பட்டை போட்டுக்கொண்டு ஃபாக்டரி வாசலில் நாங்கள் போட்ட போராட்டப் பந்தலுக்கு வந்தார். காப்பி குடித்தார், கண்ணைத் துடைத்தார், போனார். காப்பி நான் போட்டது. அதனால்தான் அழுதார் என்கிறான், பந்தலிலும் என் பக்கத்திலேயே உட்காரும் நந்தோ.

ஆகஸ்ட் லீவில் ஊரே பூட்டிக்கொண்டு கடலுக்குப் போகும். நான் மட்டும் போனதில்லை. சாவி என் இடுப்பில்தான் இருக்கும். மெஷின்களுக்கு எண்ணெய் விடுவேன், முதலாளி அக்கில்லேயின் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். இந்த வருஷம் நீதான் என்னை இங்கே இருக்க விடவில்லை. "அம்மா பாவம்ப்பா, ஒரு தடவையாவது கடலைப் பாக்கட்டும். மெஷின் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாய். ரூமும் நீயே போட்டுக் கொடுத்தாய். மகனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று வழியெல்லாம் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். சாவியை வாங்கிக்கொண்ட அக்கில்லே என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சலாமி தொத்திறைச்சி கொடுத்தார். அதையும் கடற்கரையில் உட்கார்ந்து ரசித்துத் தின்றேன், மடையன்.

திரும்பி வந்தால் ஃபாக்டரி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தரையில் போல்ட் இருந்த ஓட்டைகள் மட்டும். தக்காளியைக்கூடப் பறித்துக்கொண்டு போயிருந்தார்கள். "என்னய்யா எர்மினியோ, நீ கடல்ல காலை நனைச்சுக்கிட்டு இருந்தப்போ உன் ரெண்டாவது பொண்டாட்டிய லாரில ஏத்திட்டாங்களாமே" என்றான் நந்தோ. நான் ஓட்டிய பிரஸ் மெஷினை அப்படித்தானே நான் சொல்வேன். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

பிறகு உன் படம் வந்தது. உனக்குப் பின்னால் ஒரு பிரஸ். அதன் முன்னால் இருக்கும் முக்காலியில் சிவப்பு சைக்கிள் சீட், நாய் கடித்த மூலையோடு. நீ பள்ளிக்கூடம் போன சைக்கிளின் சீட். என் இடுப்பு வலிக்காக உன்னிடம் கேட்டு வாங்கி நான் மாட்டியது. அம்மா சந்தோஷமாக, "அங்கயும் உங்களாட்டமே சீட்டு மாட்டியிருக்காங்க பாருங்க" என்றாள். உலகம் பூராவும் இடுப்பு ஒன்றுதான் என்று சொல்லி வைத்தேன்.

ரூம் போட்டபோது இந்த லாரி விஷயம் உனக்குத் தெரியாது என்று நினைக்க எல்லா வழியும் பார்த்துவிட்டேன், மகனே. எனக்கு அவ்வளவு மூளை இல்லை. அங்கே உனக்கு மேஸ்திரி வேலை கிடைத்தது என்றபோது பந்தயம் ஜெயித்த மாதிரி பாரில் எல்லோருக்கும் ஒயின் வாங்கிக் கொடுத்தேன். குடித்தவர்கள்தான் இப்போது பந்தலில் முறை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். "உன் பையன் அந்தப் பக்கந்தானே இருக்கான், மெஷினெல்லாம் எங்க போச்சுன்னு கேட்டுச் சொல்லேன்யா" என்றான் நந்தோ. எழுதிக் கேட்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன். அவர்களுக்குப் பதில் நான் சொல்வதா, நீ சொல்கிறாயா?

அந்த சீட்டின் இடது போல்ட் அடிக்கடி தளரும். வாரம் ஒருமுறை முடுக்கச் சொல். இப்போது அதில் உட்காருகிறவன் விழக் கூடாது.

கிறிஸ்துமஸுக்கு வா. இருட்டிய பிறகு பின்சந்து வழியாக வராதே. பகலில், ஃபாக்டரி வாசல் வழியாக வா. பஸ் நிறுத்தத்தில் நான் நிற்பேன். உன் பக்கத்திலேயே நடந்து வருவேன். கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

உன் அப்பா,
எர்மினியோ