மண்ணிற இன்ஹேலர்

தோஹா, ஆகஸ்ட் 2009

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நான் சுகம். உங்கள் தொய்வும் மூச்சிழுப்பும் எப்படி இருக்கிறது?

போன கிழமை புழுதிக்காற்றில் எனக்கும் கொஞ்சம் மூச்சு முட்டியது. பயப்பட ஒன்றுமில்லை. என்னோடு வேலை செய்கிற திருக்கோவில் ஊர்க்காரர் கிருஷாந்தன் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே மலையாள டொக்டர் என் நீல இன்ஹேலரைத் தன் முன்னால் இழுக்கச் சொல்லிப் பார்த்தார். "மருந்து நாக்கோட நிக்குது, நெஞ்சுக்குப் போகல" என்று சிரித்தார். நீலம் மூச்சு முட்டுகிற அந்தரத்துக்கு மட்டும்தானாம். சுகமாக இருக்கும்போதும் தினமும் இழுக்க மண்ணிற இன்ஹேலர் ஒன்று தந்தார்.

அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை உம்மா. உங்களிடமும் நீலம் மட்டும்தானே இருக்கிறது? நம்முடைய ஊர் டொக்டர் நல்ல மனிதர், சுனாமி நேரம் முகாமுக்கே வந்து பார்த்தவர். ஆனால் அந்தச் சனத்துக்குள் இழுக்கும் விதத்தைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? முட்டினால் ஆவி பிடிக்கவைத்து அனுப்பிவிடுகிறார். தம்பி இன்ஸாபோடு போய், "நான் இழுக்கிறதப் பாருங்க டொக்டர், தினம் பாவிக்கிற மருந்து எனக்கும் வேணுமா?" என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

அறையில் ஏசி குளிர். ஊரிலிருந்து யாரும் வந்தால், போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சாரி ஒன்று கொடுத்துவிடுங்கள்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. போனில் கேட்டால் "ஓம் மகன், சுகம்தான்" என்பீர்கள். கதைக்கும்போது நீங்கள் இடையிடையே நின்றுபோவதை இவ்வளவு நாளும் லைன் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்கள் மகன்,
ஜவுபர்