கிளைசின் தட்டு

2024 ஜூன் 3, திங்கள்

நான் வேலை பார்க்கும் மாட்டு ஆய்வுகூடத்தில், கிருமி வளர்க்கும் தட்டுகளைப் போட்டு, காற்றுப் புகாத ஜாடியில் மூடியாயிற்று. கிருஷாந்தி அக்காவின் பசு செத்த கன்று போட்டதே, அதிலிருந்து எடுத்த கிருமி. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் இது நாலாவது. முதலில் எங்கள் செவலைதான், ஏப்ரலில். அதன் செத்த கன்றை நானே சாக்கில் கட்டி, எல்லாரும் போடுவது போல மேல் கானில், மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலில், போட்டுவிட்டு வேலைக்கு ஓடினேன்.

எல்லாரும் இராமையா மாமாவின் காளை ராசாவைத்தான் குற்றம் சொல்கிறார்கள். சுற்றுவட்டத்துக்கே அது ஒன்றுதான் பொலிகாளை.

இந்தக் கிருமியில் கிளை இரண்டு. ஒன்று காளை சேரும்போது பரவுவது. மற்றது தீனியிலும் தண்ணீரிலும் வருவது. நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒரே மாதிரி. கிளைசின் சேர்க்காத தட்டில் இரண்டும் வளரும்; கிளைசின் கலந்த தட்டில் தண்ணீர்க்கிளை மட்டும் வளரும், காளைக்கிளை வளராது. கிளைசின் தட்டில் வளராவிட்டால் மாமாவின் ராசா அறுப்புக்குப் போகும்.

ஜூன் 5

ஜாடியைத் திறந்துவிட்டேன். ஏன் திறந்தேன்? காற்று பட்டால் சாகிற கிருமி என்று எனக்குத் தெரியாதா? ஒரு தரம் பார்த்துவிடலாம் என்றுதான் – சே.

வரும் வழியில் மாமா. "என்ன வினோ, நம்ம ராசா தப்பிச்சிருவானா?" வெள்ளிக்கிழமை தெரியும் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

கிளைசின் தட்டில் ஒன்றுமில்லை. கிளைசின் சேர்க்காத தட்டைப் பார்த்தால் அதிலும் ஒன்றுமில்லை.

ஆய்வுகூடத்து அம்னா டொக்டர் கேட்டார்: "ஜாடிய தொறந்தீங்களா?"

தலையாட்டினேன்.

"ரெண்டும் செத்திருக்கு. இத வச்சு காளைய குத்தம் சொல்ல ஏலாது. திரும்பப் போடுங்க."

ஜூன் 9

மாமா ராசாவை அறுப்புக்கு விலை பேசிவிட்டாராம். புதன்கிழமை லொறி வருகிறது. லயத்தில் ஒருத்தரும் அவரோடு பேசுவதில்லை. "சோதன என்னத்துக்கு? காளைதான்னு ஊரே சொல்லுது" என்கிறாள் அம்மா.

செவ்வாய்க்குள் வளர வேண்டும்.

ஜூன் 10

ஜாடியைத் தொடவில்லை. அது இருக்கும் அலுமாரிப் பக்கமே போகவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

இரண்டு தட்டிலும் வளர்ந்திருக்கிறது! ஊசிமுனைப் புள்ளிகள்.

டொக்டர் இரண்டு தரம் பார்த்தார். "காளை இல்ல. கண்டிக்கு ஜீன் சோதனைக்கும் அனுப்புவோம். ஆனா காளைய விக்க வேணாம்னு இன்னைக்கே சொல்லுங்க." பிறகு, "செத்த கன்டுகள எங்க போடுறீங்க?"

மேல் கானில். நாலும் அங்கேதான். மழை பெய்தால் அந்தக் கான் தண்ணீர்தான் மாடுகள் குடிக்கும் தொட்டியில் வந்து விழுகிறது. முதல் சாக்கைப் போட்டது நான். ஆய்வுகூடத்தில் கையுறை இல்லாமல் ஒரு தட்டைத் தொடாத நான்.

மாமாவிடம் ராசாவை விற்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். கானைப் பற்றி வாய் வரவில்லை. விடியட்டும்.

ஜூன் 12, புதன்

லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. லயமே வெளியே நின்றது. அப்போதே கானைப் பற்றிச் சொன்னேன், எல்லாருக்கும் முன்னால், நான் போட்ட சாக்கிலிருந்து தொடங்கி. அம்மா உள்ளே போய்விட்டாள்.

 மாமா ராசாவுக்குப் புல் அள்ளிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டியோடும் சுண்ணாம்புப் பையோடும் வந்தார்.

"வா வினோ, எந்த எடம்னு காட்டு. பொதச்சிருவோம்."

நான் முன்னால் நடந்தேன்.