பச்சை வரும்வரை

மார்ச் 3, செவ்வாய்

கடையில் கூட்டம் இல்லை. ஒரு அம்மா பழைய திரைச்சீலைத் துண்டோடு வந்து, இதே நீலம் சுவருக்கு வேண்டும் என்றார். மூன்றாவது கலவையில் பிடித்துவிட்டேன். பெயிண்ட் கடையில் நிறம் கலப்பதைத் தவிர எனக்கு உருப்படியாக ஒன்றும் தெரியாது என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான்.

வீட்டுக்கு வந்தால் அவள் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்குகிறார்களாம், உள்ளே இருக்க முடியவில்லையாம். மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "வெள்ளரிக்காய்" என்றாள்.

காய்ச்சல் எப்போதோ போய்விட்டது. போகும்போது அவள் மூக்கையும் நாக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. முதலில் ஒன்றுமே மணக்கவில்லை. இப்போது மணக்கிறது, ஆனால் எல்லாமே தப்பாக. காபி என்றால் கருகிய ரப்பர். பால், முட்டை, வறுத்தது, பொரித்தது எல்லாம் அழுகல் நாற்றம். நாக்கோ மரக்கட்டை. தொழிற்சாலை கேன்டீனில் ஐந்நூறு பேருக்குச் சமைத்துப் போட்டவள்; ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும், எது குறைகிறது என்று சொல்லிவிடுவாள். இப்போது அடுப்பைப் பற்றவைத்தாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். இளைத்ததில் கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் ஏறுகிறது.

மார்ச் 5, வியாழன்

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். நரம்பு மெல்லத் துளிர்க்குமாம். எப்போது என்று சொல்ல முடியாதாம். "சிலருக்கு முழுசா வராமலும் போகலாம்மா. மனசைத் தயார் பண்ணிக்கோங்க." அவள் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "நாக்கு வரலைன்னா கேன்டீன்ல நான் எதுக்கு? பாத்திரம் கழுவவா?" என்றாள்.

அடுப்பில் ஏறாதது, பால் முட்டை சேராதது, ஆனால் உடம்பில் ஒட்டுகிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று கிளம்பும்போது என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தார் டாக்டர். வீட்டில் சமைக்கத் தெரிந்த ஒரே ஆள் நோயாளிதான் என்பது அவருக்குத் தெரியாது.

மார்ச் 7, சனி

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு செய்முறை அனுப்பியிருக்கிறாள். உடற்பயிற்சி செய்கிறவர்கள் தின்கிற சத்து உருண்டை. முந்திரி, ஓட்ஸ், பேரீச்சை, உலர்ந்த பெர்ரிப் பழங்கள், பச்சைத் தேயிலைத் தூள். அடுப்பே வேண்டாம். பாலும் வெண்ணெயும் வேண்டாம். அரைத்து, பிசைந்து, உருட்டி, ஃபிரிட்ஜில் வைத்தால் முடிந்தது. "சின்னப் பிள்ளைகூடப் பண்ணிடும்பா, நீங்களும் பண்ணலாம்" என்று குரல் செய்தி. என் மேல் அவ்வளவு மரியாதை.

படம் நன்றாக இருந்தது. இளம்பச்சை, நடுநடுவே சிவப்புப் புள்ளிகள்.

மார்ச் 8, ஞாயிறு

அவளைப் படுக்கையறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுக் களத்தில் இறங்கினேன்.

முந்திரியை வறுக்கவில்லை, வறுத்த வாசனைதான் அவளுக்கு முதல் எதிரி. ஓட்ஸோடு சேர்த்து மிக்ஸியில் பொடித்தேன். பேரீச்சையை அரைத்துப் போட்டதும் எல்லாம் பழுப்பாகிவிட்டது. தேயிலைத் தூள் ஒரு கரண்டி என்று மகள் சொல்லியிருந்தாள். போட்டேன். சேறு. பழுப்பில் பச்சை விழுந்தால் சேறுதான் வரும், எனக்குத் தெரியாதா? இன்னொரு கரண்டி போட்டேன். துளி எடுத்து வெள்ளை அட்டையில் தடவி, காயவிட்டு, படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். போதவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். படத்தில் இருக்கிற பச்சை அச்சு அசலாக வந்தபோது தூள் டப்பாவில் பாதி காலி. அப்புறம் பெர்ரியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, கையில் எண்ணெய் தொட்டு உருட்டினேன்.

குளிர்ந்ததும் தட்டில் வைத்து மனைவியிடம் கொண்டுபோனேன். ஒன்றை எடுத்து முகர்ந்தாள். முகம் சுளிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம். கடித்தாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"என்னமோ இருக்கு" என்றாள்.

"என்ன இருக்கு?"

"தெரியல. மத்ததெல்லாம் அட்டை மாதிரி இருக்கு. இதுல ஏதோ இருக்கு."

இன்னொன்றை எடுத்தாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. வந்தால் வரட்டும்.

மார்ச் 12, வியாழன்

தீர்ந்துவிட்டது. மறுபடி உருட்டினேன். அதே பச்சை.

மார்ச் 15, ஞாயிறு

மகள் வந்திருக்கிறாள். உருண்டையைப் பார்த்ததும், "அப்பா, கடையில வாங்கின மாதிரியே இருக்கே" என்று ஒன்றை வாயில் போட்டாள். போட்ட வேகத்தில் கழுவுதொட்டிக்கு ஓடினாள்.

"நீங்க இதைத் தின்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. கலக்குகிற எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதுதான் என் தொழிலில் முதல் பாடம். விரலைக்கூட நக்காமல் சோப்புப் போட்டுக் கழுவிப் பழகியவன். இப்போது ஒன்றைக் கடித்தேன். எட்டிக்காய் தோற்றது.

இதையா ஒரு வாரமா அவளுக்குக் குடுத்தேன்? ஒரு வார்த்தை சொல்லலையே. நான் வருத்தப்படுவேன்னு சகிச்சுக்கிட்டுத் தின்னாளா? மனுஷனா நான்—

மார்ச் 16, திங்கள்

மகள் அளவாகத் தூள் போட்டுப் புதிதாக உருட்டினாள். சேற்று நிறம், ஆனால் நல்ல ருசி. அவள் அம்மா ஒன்றைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையே. உங்கப்பா பண்ணினதைக் குடு."

"அம்மா, அது பயங்கரக் கசப்பும்மா."

"கசப்பா?" கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அதுதான் போல. எங்கயோ ஒரு மூலையில லேசாத் தெரியுது."

சகித்துக்கொண்டு தின்னவில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு எட்டியிருக்கிறது. பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. மகள் டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டாள். காலையில் மட்டும் கொடுங்கள், இல்லாவிட்டால் தூக்கம் கெடும் என்றாராம்.

மார்ச் 29, ஞாயிறு

உருட்டினேன். அவள் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குறையாததே பெரிசு.

ஏப்ரல் 11, சனி

கேன்டீன் மேலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன், சுற்றி வளைத்துத்தான் பேசினார். தற்காலிகமாக ஓர் ஆள் போட்டிருக்கிறார்களாம். "அவசரப்படுத்தலக்கா. மாசக் கடைசிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

அவர் போனதும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். காய்கறி சூப் வைத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். வாயில் வைக்க முடியாத உப்பு.

"நல்லாருக்கு" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. கண்ணு சுருங்குது."

சூப்பைக் கொட்டிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் கை எனக்கே யாரோ மாதிரி ஆயிடுச்சுங்க" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வேலை போனா போகட்டும். என் சம்பளத்துல ஓட்டிக்கலாம். ஆனா சாப்பாட்டு நேரத்துல எதிர்ல உக்காந்து, உப்பு தூக்கல், புளிப்பு பத்தலைன்னு ஊர்ச் சமையலுக்கெல்லாம் மார்க் போடுவாளே, அவ வேணும் எனக்கு. எங்க போய்க் கேக்கிறது?

ஏப்ரல் 18, சனி

மழை. உருட்டினேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையில் வழக்கம்போல் தட்டில் வைத்துக் கொடுத்தேன். கடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். அப்படியே உள்ளங்கையில் துப்பினாள். இதுவும் அழுகல் நாற்றம் அடிக்க ஆரம்பித்துவிட்டதோ என்று நானும் ஒன்றை எடுத்து முகர்ந்தேன்.

"என்னங்க போட்டீங்க இதுல?"

"எப்பவும் போடறதுதான்."

"வாயில வைக்க முடியல. இந்தக் கசப்பு கசக்குது. இதையா நான் இத்தனை நாளாத் தின்னேன்?"

சொல்லிவிட்டுத்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. பிறகு உருண்டையிலிருந்து ஒரு பெர்ரித் துண்டை நகத்தால் தோண்டி எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"புளிப்பு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பின்னாடியே இனிப்பு வருதுங்க" என்றாள்.

காபித்தூளைத் திறந்து காட்டினேன். அது இன்னும் ரப்பர்தான். இருக்கட்டும்.

ஏப்ரல் 29, புதன்

மேலாளருக்கு அவளே போன் பண்ணினாள். முதலில் காலை வேளை மட்டும் போகிறாள். வறுக்கிற பொரிக்கிற வேலை வேறு ஆளுக்கு.

பேசி முடித்த கையோடு தானே உருண்டை பிடிக்க உட்கார்ந்தாள். தூள் ஒரே கரண்டி. என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, நிறத்தைப் பாக்காதீங்க, வாயைக் கேளுங்க என்று ஒரு பாடம் வேறு. பார்க்கச் சகிக்காத பழுப்பு, ருசி பிரமாதம்.

நான் செய்ததில் ஒரு டப்பா மிச்சம் இருக்கிறது. ஞாயிறன்றே கொட்டப் போனேன், தடுத்துவிட்டாள். "நான் தின்னேன்ல? மிச்சத்தை நீங்க தின்னு தீத்துடுங்க." தினமும் காலையில் ஒன்று, அவள் எதிரில், முகம் சுளிக்காமல். கசப்பு உச்சந்தலை வரைக்கும் ஏறுகிறது. அவள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கிறாள். இன்று இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றேன்.