முகம் வைக்காத படங்கள்

மார்ச் 4

அன்பு மருமகளுக்கு,

மாமன் எழுதுவது. இங்கே மாடும் மனுஷரும் சுகம். காது ஒன்றுதான் என்னை விட்டுப் போய்விட்டது. போனில் நீ கத்தினது எதிர்வீட்டுக்காரனுக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. அதனால் கடுதாசி. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் என் எழுத்தைப் பார்த்துவிட்டுத் தபால்காரர், "அச்சடிச்சதா?" என்று கேட்டார்.

உன் சித்தி வரைந்த படங்களை நகரத்துக் காட்சிக்கூடத்தில் மாட்டப் போவதாக எழுதியிருந்தாய். எனக்கு ஆச்சரியமே இல்லை. என் தங்கச்சி கையில் முதல் கரித்துண்டைக் கொடுத்தவனே நான்தான். தொழுவச் சுவரில் அவள் ஒரு கன்றுக்குட்டி வரைந்தாள். பசு வந்து அதை நக்கிக் கொடுத்து, அன்றைக்கு ஒரு குடம் பால் கூடுதலாகக் கறந்தது. சந்தேகம் இருந்தால் அந்தப் பசுவையே கேட்கலாம், அதுதான் செத்துப் போய்விட்டது.

அவள் வாழ்க்கையைப் பற்றி நாலு வரி கேட்டாய். விடியுமுன் எழுந்திருப்பாள். தொழுவம், வயல், அடுப்பு. நடுவில் தீவன மூட்டையின் உள்தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு வரைவாள். போன வருஷம் கண்ணை மூடும்வரை அதேதான். அவளைப் பெண் கேட்டு ஒரு மந்திரி மகன் காரில் வந்தான். சரி, மந்திரியின் டிரைவர் மகன். அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

ஒரே ஒரு குறை. எட்டுப் படத்திலும் ஆள் உண்டு, முகம் இல்லை. நான் பால் கறக்கும் படத்தில் கை நரம்பு வரைக்கும் போட்டிருக்கிறாள். கழுத்துக்கு மேலே வெறும் தாள். இப்படியே அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? கடைத்தெரு போர்டு ஆர்ட்டிஸ்டிடம் பேசிவிட்டேன். எல்லாருக்கும் முகம் வைத்து அனுப்புகிறேன். நீ நிம்மதியாக இரு.

உன் நலமே தன் நலமான
மாமன்

மார்ச் 9

அன்புள்ள மாமா,

தயவுசெய்து படங்களில் யாரும் கை வைக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அந்த ஆர்ட்டிஸ்டை நிறுத்திவிடுங்கள். காட்சிக்கூடத்தார் இந்தப் படங்களை எடுத்துக்கொண்டதே அந்த வெற்றுத்தாளுக்காகத்தான். மூட்டைத் தாளில் எனாமல் பெயிண்ட் ஏறினால் எடுக்கவும் முடியாது.

சித்தி அவற்றை அரைகுறையாக விடவில்லை, மாமா. ஒருமுறை நானே கேட்டேன், ஏன் முகம் போடலை என்று.

"பாக்காம எப்படிடி போடுறது? கை வேலை செய்யறப்பவே பாத்துக்கலாம். முகம்னா ஒரு மத்தியானமாவது உக்காந்து காட்டணும். இந்த வீட்டுல யாரு உக்கார்றா? உங்க மாமாவக் கேட்டேன். பகல்ல உக்காந்தா பால யாரு கறப்பான்னுட்டாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பார்க்காத ஒன்றைத் தாளில் போட அவளுக்கு மனசு வராது. அதனால் அப்படியே அனுப்புங்கள். இது அவளுடைய முதல் கண்காட்சி. இன்னொன்று வருமா என்று தெரியாது.

அன்புடன்,
உங்கள் மருமகள்

மார்ச் 15

அன்பு மருமகளுக்கு,

உன் கடுதாசி வருவதற்குள் ஆர்ட்டிஸ்ட் வேலையை முடித்துவிட்டான். ஏழு படத்தைப் பார்சலில் போட்டாயிற்று. பிரித்துப் பார்த்தால் உன் கோபமெல்லாம் பறந்துவிடும்.

என் முகத்துக்கு மட்டும் மூன்று மத்தியானம் உட்கார்ந்தேன். பால் கறக்க ஆளை வைத்துவிட்டு, தலைவாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "அசையாதீங்கண்ணே" என்றான். மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லை. "உங்கள மாதிரி உக்கார்ற ஆள நான் பாத்ததில்ல" என்றான். இருபது வயசு குறைத்து, மீசையைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கிறான். உன் அம்மாவின் முகத்தை நான் சொல்லச் சொல்லப் போட்டான். சினிமாக்காரி ஜாடை வந்துவிட்டது, அதனால் என்ன, லட்சணம்தானே.

எட்டாவது படம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

மாமன்

மார்ச் 22

மாமா,

பார்சல் வந்தது. காட்சிக்கூடத்தார் இரண்டு பேர் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஏழையும் திரும்பக் கட்டி வைத்துவிட்டோம். அவற்றை மாட்டப் போவதில்லை.

உங்கள்மேல் கத்தலாம் என்றுதான் இருந்தது. ஆனால் நீங்கள் மூன்று மத்தியானம் உட்கார்ந்ததாக எழுதிய வரியைப் படித்தபிறகு கத்தத் தோன்றவில்லை. அவள் ஒரு மத்தியானம்தான் கேட்டிருந்தாள்.

எட்டாவது படம் எப்படி இருக்கிறது? அது சித்தி விட்டபடியே இருந்தால் ஒரு சுவரில் அதை மட்டும் மாட்டச் சம்மதித்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள்.

மருமகள்

மார்ச் 28

மருமகளே,

எட்டாவது படத்தில் தூரிகை படவில்லை. இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அதில் இருப்பது அவள். குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறாள். முழங்கையில் ஒட்டுப்போட்ட ரவிக்கையை வைத்துத்தான் எனக்கே தெரிந்தது.

ஆர்ட்டிஸ்ட் போட்டோ கேட்டான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு குடும்பப் போட்டோ. அதில் முன்னால் நிற்கிற என் தோள் அவள் முகத்தை மறைத்துவிட்டது.

"சரி, நீங்க சொல்லுங்கண்ணே, போட்டுறலாம். நெத்தி அகலமா, குறுகலா?"

நடுத்தரம் என்றேன்.

"கண்ணு?"

கண்ணு மாதிரிதான் இருக்கும் என்றேன்.

"மச்சம், தழும்பு ஏதாவது?"

எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கா சொல்லத் தெரியாது? வாய் வரவில்லை. அவன் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, "கூடப் பொறந்தவங்கதானே?" என்று கேட்டான். கூலி வாங்காமல் போய்விட்டான்.

ஒரே வீட்டில் அத்தனை வருஷம் இருந்தோம். தட்டு வைக்கிற அவள் கை தெரிகிறது. எந்த விரலில் கரி, எதில் வெட்டுக்காயம் எல்லாம் தெரிகிறது. அதற்கு மேலே நிமிர்ந்து பார்த்த ஞாபகம் இல்லை.

திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை. நாலு பேர் வந்து அவளைப் பற்றிக் கேட்பார்கள்.

உனக்கு அவள் முகம் நினைவிருந்தால், எப்படி இருக்கும் என்று நிதானமாக எழுதிப் போடு. யாருக்கும் காட்ட மாட்டேன்.

மாமன்