உறை என்னுடையது

இமோகிரி,
4 மே 1987

அன்பு மகள் பலுபிக்கு,

அப்பா எழுதுவது. நலமே. பட்டறையில் மரத்தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்.

மாப்பிள்ளைக்குத் தருவதற்காக, உறை செய்யச் சொல்லி உன்னிடம் கொடுத்த கிரிஸ் கத்தியைத் திருப்பி அனுப்பு. மாப்பிள்ளை த்ரியோனோ தன் வீட்டில் மூன்றாவது பிள்ளையாம். 'த்ரி' என்றால் மூன்று; பெயரைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீ மூத்தவள். மூத்ததும் மூன்றாவதும் சேர்ந்தால் பெற்றவர்களில் ஒருவர் சாவார் என்பது உனக்குத் தெரியாததா? உன் அம்மா போய்விட்டாள். மிச்சம் நான்தான்.

உன் அப்பா,
விர்யோ

யோக்யா,
11 மே

அன்புள்ள அப்பா,

கத்தி உங்களுடையது, அனுப்பியிருக்கிறேன். உறை வராது. அந்த திமோஹோ மரம் நான் தேடி வாங்கியது. உங்கள் கத்தியின் இரும்பில் அரிசி சிந்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அதற்கு இணையாகக் கரும்புள்ளி ஓடும் மரம் கிடைக்க எத்தனை கட்டை அறுத்தேன்! "புள்ளியச் சாயத்துல போட்டுடேன்" என்றார் மரக்கடைக்காரர். "என் கல்யாணத்துக்குச் சாயம்போற உறையா?" என்றேன்.

த்ரியோனோவும் பயந்துபோய், "நாளைத் தள்ளி வைக்கலாமா?" என்றான். "நீ வேணா தள்ளி நில்லு, நாள் தள்ளிப் போகாது" என்று சொல்லிவிட்டேன்.

பலுபி

இமோகிரி,
20 மே

பலுபி,

கத்தியை வேறொரு பழைய உறையில் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. உன் இஷ்டம். கல்யாணத்தன்று முதுகுப் பக்கம் கிரிஸ் செருகாத மாப்பிள்ளையைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும். நான் வரமாட்டேன்.

விர்யோ

யோக்யா,
16 ஜூன்

அன்புள்ள அப்பா,

கல்யாணம் முடிந்தது. த்ரியோனோ முதுகில் செருகிய உறைக்குள் நானே செதுக்கிய மர அலகு இருந்தது. பெரிய மாமா உருவிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மரக்கத்தியா?" என்றார்.

"அப்பா இரும்பு தரல மாமா. அதான்." எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

நேற்று சுமார்னி அத்தை உங்கள் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். "உங்கப்பன் குடுத்தான். எதுவும் பேசாதேன்னான்" என்றாள். உறையில் போட்டுப் பார்த்தேன். இரும்பின் புள்ளி முடிகிற இடத்தில் மரத்தின் புள்ளி தொடங்குகிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு உருவி, அத்தை கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாமனார் கையால் மாப்பிள்ளை கையில் தருவதுதான் முறை. உங்களுக்கு இருமல்கூட இல்லையாம், அத்தை சொன்னாள். அப்படியானால் பஸ் ஏறலாம். த்ரியோனோ பலாக்காய்க் குழம்பு நன்றாக வைப்பான்.

வராவிட்டால் மரக்கத்தியே இருக்கட்டும். எங்களுக்கு அதில் வெட்கமில்லை.

உங்கள் மூத்த மகள்,
பலுபி