ஆஸ்பத்திரிக்குப் போகும் சந்து

துலாம் (ஐப்பசி) 9, திங்கள்

காலையில் வெயில், மத்தியானம் இடி. உலர்ந்த சேலைகள் மறுபடி நனைந்தன. இவருக்கு இருமல். சுக்குக் கஷாயம்.

கீரைக்காரி பாரு தாமதம். "கொச்சம்மா, சந்து பூட்டிப் போட்டிருக்கு. சந்தையைச் சுத்தி வந்நேன்."

வலியசாலையிலிருந்து பிரசவ ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகிற சந்து. நடுவில் புதிதாக இரும்புக் கேட். போட்டவர் அண்ணாச்சி, இவருடைய அக்காள் புருஷன், ஜவுளிக்கடைக்காரர். சந்தின் இருபுறமும் உள்ள அவர் தோட்டத்தில் தேங்காய் களவு போகிறதாம். நகரசபையில் அவரும் மெம்பர், நானும் மெம்பர். அவர் ஓட்டு வாங்கி வந்தவர். நான் சர்க்கார் நியமித்தவள். சபையில் வேறு பெண் கிடையாது.

துலாம் 11, புதன்

சாயங்காலம் மைனி வீடு, அதாவது இவர் அக்காள் வீடு. அண்ணாச்சி இருந்தார். கேட்டுவிட்டேன்.

"ரெண்டு பக்கமும் என் சுவரு. நடுவுல உள்ளது மட்டும் ஊருக்கா, தங்கச்சி?"

"முனிசிபாலிட்டி கல்லு பாவின வழியில்லா, அண்ணாச்சி?"

"நான் சும்மா இருந்தேன், பாவினாங்க. இனி சும்மா இருக்க மாட்டேன்."

மைனி முறுக்குத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். நல்ல முறுக்கு, உப்பு கொஞ்சம் கூடுதல்.

துலாம் 14, சனி

நேற்று விளக்கு வைத்த பிறகு பாருவின் மருமகள் சரசுவுக்கு வலி. மகனும் அயல்காரர்களும் கட்டிலோடு தூக்கிச் சந்துக்குள் போயிருக்கிறார்கள். கேட் பூட்டு. காவல்காரன், "முதலாளி சொல்லாம திறக்கப்படாது." முதலாளி கடையில். திரும்பி, சந்தையைச் சுற்றி, கொட்டுகிற மழையில். பாதி வழியில் ஒரு பலசரக்குக் கடை வாசலில் பிறந்துவிட்டது. பெண். கடைக்காரர் சாக்கை விரித்துப் பிடித்து மறைத்தாராம்.

பிள்ளைக்குக் குறைவில்லை. சரசுவுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில்.

செவ்வாய்க் கூட்டத்துக்குத் தீர்மானம் கொடுத்தாகிவிட்டது: கேட்டை எடுக்க வேண்டும். இவர் வாசித்துப் பார்த்தார். "அக்கா முகத்துல நான் எப்படி முழிக்கேன்?"

குடைக் கம்பி ஒடிந்தது. ரிப்பேருக்கு.

துலாம் 17, செவ்வாய்

கூட்டம். முதலில் தெருவிளக்கு. பிறகு தெருநாய், அதிலேயே நெடுநேரம். கிழக்கேகோட்டை மெம்பரை நாய் துரத்தியதாம். சந்து கடைசியில்.

பாரு வராந்தாவில் வந்து நின்றாள். நானே சொல்லுகிறேன் என்றாள். பிரசிடெண்ட் வயதான வக்கீல், கோபக்காரர் அல்ல. "பொதுஜனம் கேட்கலாம். பேச சட்டமில்லை." ஆகவே வராந்தாவுக்குப் போய் அவளிடம் கேட்டு, உள்ளே வந்து அவள் வார்த்தையிலேயே சொன்னேன்: "வழி தந்நால் போதும். வேறெ ஒந்நும் வேண்டா."

அண்ணாச்சி எழுந்தார். களவு, சொத்துரிமை, கோர்ட். என் பக்கம் பார்க்கவில்லை.

யாரோ ஒரு சமரசம்: விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை கேட் திறந்திருக்கட்டும்.

"பிரசவ வலி விளக்கு வைக்கிறதுக்கு முன்னாலதான் வருமா?" என்றேன். சிரிப்பு. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

சமரசம் நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியது நானும், நாய் துரத்திய மெம்பரும்.

வெளியே பாருவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அப்போ ராத்ரி?"

துலாம் 19, வியாழன்

சரசு விடியற்காலை போய்விட்டாள்.

பாருவின் குடிசைக்குப் போனேன். அயல்காரி ஒருத்தி, அவளும் பிள்ளை பெற்றவள், இதற்கும் சேர்த்துப் பால் கொடுக்கிறாள். மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பாரு ஏதோ துணி பிழிந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டும் நிறுத்தவில்லை.

திரும்பச் சந்து வழி. பகல், ஆகவே திறந்திருந்தது. மைனி தோட்டத்து வாசலில் நின்றாள்.

"அந்தப் பிள்ளைத்தாச்சி?"

"காலையில செத்துட்டா மைனி."

கேட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சோறு குழைந்துவிட்டது. இவர் மோர் விட்டுச் சாப்பிட்டார்.

துலாம் 21, சனி

மழை விட்டது. இவருக்கு இருமல் தேவலை. அப்பளம் காய வைத்தேன்.

பத்து மணி வாக்கில் அண்ணாச்சி. கூட்டத்துக்குப் பிறகு இப்போதுதான். சண்டைக்கு என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"உன் மைனி பூட்டையும் சாவியையும் கிணத்துல போட்டுட்டா. என்னட்டீன்னு கேட்டா, இனி அந்தக் கேட்டைப் பூட்டினா அம்மை வீட்டுக்குப் போயிருவேன்ங்கா."

இவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"அப்போ கேட்டு, அண்ணாச்சி?"

"திறந்துதான் கெடக்கு. ராத்திரியும்."

புதுப் பூட்டு வாங்குவாரா என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. காப்பி கொண்டுவந்தேன். நின்றபடியே குடித்தார். டம்ளரைத் திருப்பித் தரும்போது முகத்தைத் தெருப் பக்கம் வைத்துக்கொண்டு:

"அந்தக் குட்டி... பாலு குடிக்குதா?"

குடிக்குது என்றேன்.