வாசல் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த தவணை

அடி மகராசி, சௌக்கியமா? முட்டிவலி குறைஞ்சுதா? சின்னவ ஒழுங்காச் சாப்பிடுறாளா? நான் நல்லாத்தான் இருக்கேன், கவலைப்படாத.

இங்க ஒரு கூத்து. நான் காவல் இருக்கிற வாசல் கதவைத் திறக்கிற கம்ப்யூட்டர் ரொம்பக் கிழடு. ரெண்டு தட்டு தட்டினாத்தான் முழிக்கும், உங்க அண்ணன் மாதிரி. அவர் கதை இப்ப எதுக்கு? கம்பெனி முழுக்க ஒரே மாதிரி கம்ப்யூட்டர்தான் இருக்கணுமாம், ஒத்துவராததைத் தூக்கிடுவாங்களாம். புதுசு வந்தா கதவு தானாத் திறக்கும், காவல்காரன் வேண்டாம்.

நல்லவேளை, இந்தக் கதவுக்குப் புதுசு இப்போதைக்குப் பொருந்தலை. கம்பெனியில கம்ப்யூட்டரையெல்லாம் பாத்துக்கிற மேடம் வந்து, "இதுக்கு மட்டும் விதிவிலக்கு தர்றேண்ணே. ஆனா காரணம் வேணும், பொறுப்பாளி வேணும், முடியற தேதி வேணும்"னாங்க. பொறுப்பாளி நான்தான். தேதி, அடுத்த மழைக்காலம். அதுவரைக்கும் அதுவும் இருக்கும், நானும் இருப்பேன்.

"அப்புறம் நீட்டிக்கலாமா மேடம்?"னேன்.

"எல்லாரும் இதையேதாண்ணே கேக்கறாங்க! விலக்கே வழக்கமாயிடுது"ன்னு சிரிச்சாங்க.

எனக்குச் சிரிப்பு வரலை. ஒரே வருஷம்னு உங்கிட்ட விலக்கு வாங்கிட்டு ஊரைவிட்டு வேலைக்கு வந்தவன்தானே நானும். எத்தனை தடவை நீட்டிச்சுட்டேன், நீ ஒரு தடவைகூடக் காரணம் கேக்கலையே.

சட்டைக்கு ரெண்டு பித்தான் அனுப்பு. பேச நேரமில்லேன்னா, நீ சமைக்கிற சத்தத்தையாவது போன்ல பதிஞ்சு அனுப்பு. இந்த ரூம்ல கம்ப்யூட்டர் முனகறது மட்டும்தான் பேச்சுத்துணை. இந்தத் தடவை நீட்டிக்க வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொன்னா, நான் உடனே... இரு, "காவல்காரரே, கதவு!"ன்னு வண்டிக்காரர் கத்தறார், போய்த் தட்டித் திறந்துட்டு வந்து மிச்சத்தை எழுதறேன்.